ஐந்தாவது சுற்றில் தரைக்குப் போன பெடல்

கேள்வி: சிட்னியில் இருக்கிறோம். ஈஸ்டர் வந்தால் பாத்தர்ஸ்ட் 6 மணி நேர ரேஸ் பார்க்கப் போய்விடுவோம். நம் வீட்டு வாசலில் நிற்கிற மாதிரியான கார்கள்தானே அங்கே ஓடுகின்றன என்ற ஆசையில், போன மாதம் என் சொந்தக் காரை ஒரு டிராக் டேக்கு, அதாவது ரேஸ் தடத்தில் நம் காரையே ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, எடுத்துப் போனேன். ஐந்தாவது சுற்றில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி ஆனது. அடுத்த வளைவில் தரைவரை போய்விட்டது. கார் வாங்கி நாலு வருடம், சர்வீஸ் ஒழுங்காகச் செய்கிறேன். பெரிய பிரேக் கிட் போட வேண்டுமா? அவர்களுக்கு மட்டும் 6 மணி நேரம் எப்படித் தாங்குகிறது?

பதில்: கிட் வேண்டாம். முதலில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள். ‘பஞ்சு மாதிரி’ என்று எழுதினீர்களே, நோய் என்ன என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

பிரேக் சூட்டில் தோற்பது இரண்டு விதம். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கும், எவ்வளவு மிதித்தாலும் கார் மட்டும் நிற்காது. அது பேட், அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கட்டை, சூடேறி பிடிமானத்தை இழந்தது. உங்களுக்கு நடந்தது இன்னொன்று. பேட்டை டிஸ்க்கோடு அமுக்கும் காலிப்பருக்குள் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது. திரவத்தை அமுக்க முடியாது, அதனால்தான் உங்கள் கால் அழுத்தம் அப்படியே பேட்டுக்குப் போகிறது. ஆவியை அமுக்கலாம். மிதிக்கிற மிதியெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும்.

எவ்வளவு சூடு என்று ஒரு கணக்குப் போடலாம். 1,500 கிலோ எடையுள்ள கார் 200 கி.மீ. வேகத்திலிருந்து 80-க்கு இறங்கும்போது வெளியாகும் வெப்பம், குழாயில் பிடித்த ஆறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். அதுவும் நாலைந்து நொடிக்குள். பெரும்பங்கு முன் டிஸ்க் இரண்டின் தலையில்தான் விழும். ஊருக்குள் ஓட்டும்போது ஒரு சிக்னலுக்கும் அடுத்த சிக்னலுக்கும் இடையே டிஸ்க் ஆறிவிடும். டிராக்கில் ஆற நேரமே கிடைப்பதில்லை.

சரி, நாலு வருடத்துக்கு வருவோம். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் பொருள். மூடி இறுக்கமாக இருந்தாலும் ரப்பர் குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் உள்ளே போகும். டாட் 4 என்பது பிரேக் ஆயிலின் ஒரு தர வகை. புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. அதே ஆயில் 3.7 சதவீதம் தண்ணீரைக் குடித்த பிறகு, 155 டிகிரி தாங்கினாலே விதிப்படி போதும். ரேஸுக்கென்று விற்கும் ஆயில்களில் 300 டிகிரிக்கு மேல் தாங்குபவை உண்டு. பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். புது ஆயில் இளமஞ்சளாக, கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரி இருக்கும். உங்களுடையது டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யவும் வேண்டாம், ஈரம் சோதிக்கும் மீட்டர் பல ஒர்க்‌ஷாப்களில் இருக்கும். சர்வீஸ் பில்லில் பிரேக் ஆயில் மாற்றியதாக ஒரு வரி இருக்கிறதா என்றும் தேடுங்கள். ‘செக் செய்யப்பட்டது’ என்றிருந்தால் மாற்றவில்லை என்று அர்த்தம்.

மாற்றும்போது டப்பாவில் இருப்பதை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றினால் போதாது. கொதிப்பது காலிப்பரில். நாலு சக்கரத்திலும் ஏர் எடுக்கிற நிப்பிளில் உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் குழாய் மாட்டி, உள்ளே ஒருவர் மிதித்துப் பிடிக்க, வெளியே ஒருவர் திறந்து மூட, குமிழி நின்று தெளிந்த ஆயில் வரும்வரை செய்ய வேண்டும். ஒரு லிட்டர் தாராளம். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், அரித்துவிடும். ஒரு எச்சரிக்கை: டாட் 5 என்பது சிலிகான் ஆயில், டாட் 4-உடன் சேராது. 5.1 வேறு, அது சேரும். கடையில் அவசரத்தில் மாற்றி வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பேட். பாத்தர்ஸ்டில் ஓடும் கார்களில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் பாதுகாப்புக் கூண்டும் ரேஸ் சீட்டும்தான். கண்ணுக்குத் தெரியாதது பேட். ஆனால் முழு ரேஸ் பேட் சூடேறாமல் பிடிக்காது. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விடப் போகும்போது முதல் சிக்னலிலேயே அது தெரிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு ரகம் விற்கிறார்கள், உங்களுக்கு அது போதும்.

மீதி, ஓட்டுகிற விதம். பாத்தர்ஸ்ட் ரேஸ் நடக்கும் மலைத்தடமான மவுன்ட் பனோரமா 6.213 கி.மீ. சுற்று, அடிக்கும் உச்சிக்கும் 174 மீட்டர் வித்தியாசம். உச்சியிலிருந்து எஸ்ஸஸ், டிப்பர் என்ற வளைவுகளில் பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்கி, கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் கான்ராட் நேர்ப்பாதையில் பறந்து, சேஸ் என்ற வளைவில் பிரேக்கைப் பலமாக மிதித்து, சூடு ஆறுவதற்குள் மர்ரேஸ் வளைவில் மறுபடி மிதிக்க வேண்டும். நல்ல டிரைவர் பிரேக்குக்குச் சற்று முன்பே ஆக்சிலேட்டரை விட்டுவிடுவார். மிதித்தால் பலமாகக் கொஞ்ச நேரம், பிறகு முழுசாக விடுவார். இழுத்துக்கொண்டே போனால் சூடு காலிப்பருக்குள் இறங்கிவிடும். நீங்களும் நாலு சுற்று ஓட்டினால் ஒரு சுற்று பிரேக் தொடாமல் மெதுவாக வாருங்கள். நிறுத்திய பிறகு ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், பெடலிலும் கால் வேண்டாம். கொதிக்கிற டிஸ்க்கில் பேட் அச்சு பதிந்துவிட்டால் பிறகு ஸ்டியரிங் ஆடும், டிஸ்க் கோணிவிட்டது என்பார்கள்.

எடையும் முக்கியம். 1966-இல் இதே மலையில், உற்பத்திக் கார்களுக்கான 500 மைல் ரேஸில், மினி கூப்பர் எஸ் கார்கள் முதல் ஒன்பது இடங்களையும் பிடித்தன. எடை குறைந்தால் பிரேக்குக்கும் டயருக்கும் வேலை குறையும். கிட்டுக்கு எடுத்து வைத்த பணத்தைத் தொடாமல், டிக்கியைக் காலி செய்து ஸ்டெப்னியையும் இறக்கி வையுங்கள். அப்புறம், சாதாரண கார் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் டிராக் டேக்குச் செல்லாது. பாலிசியைப் படித்துவிட்டுப் போங்கள். மற்ற நாட்களில் அந்த மலைப்பாதை பொதுச்சாலைதான், மணிக்கு 60 கி.மீ. வரம்பு, எதிரில் வண்டி வரும். அங்கே சோதித்துப் பார்க்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்த ஈஸ்டருக்குக் கான்ராட் நேர்ப்பாதையின் முடிவு தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். சேஸ் வருவதற்கு முன்பே சில கார்களின் பிரேக் விளக்கு ஒரு கணம் மின்னி அணையும், வேகம் குறையாது. இடது காலால் பெடலை லேசாகத் தட்டி, அது இன்னும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார்கள்.