அம்மா வெளியதான் நிக்கிறா

அன்புள்ள சார்,

ஆபீஸ் மீட்டிங்ல "ஐ யூஸ்டு டு ரீச் ஆபீஸ் பை நைன் டெய்லி"ன்னு சொன்னேன். மேனேஜர் "ஏன், இப்ப லேட்டா வர்றியா?"ன்னார், எல்லாரும் சிரிச்சாங்க. எதுக்குன்னே புரியல. யூஸ்டு டுவுக்கும் வுட்டுக்கும் என்ன வித்தியாசம்? டிட்ன்ட் யூஸ் டுவா, டிட்ன்ட் யூஸ்டு டுவா? நல்ல ஆப் இருந்தா சொல்லுங்க. தமிழ்ல பழைய பழக்கத்தைச் சொல்றதுக்குன்னு இலக்கணமே இல்ல, அதனாலதான் நமக்கு இது வரமாட்டேங்குதுன்னு நெனைக்கிறேன்.

ஓசூரிலிருந்து ஒரு வாசகர்

தம்பி,

ஆப் எல்லாம் எனக்குத் தெரியாது. அந்தக் கடைசி வரிக்காகத்தான் பதில் எழுத உக்காந்தேன். தமிழ்ல இலக்கணமே இல்லன்னு எழுத எப்படி மனசு வந்துச்சு? செத்துப்போன தாத்தாவைப் பத்திச் சொல்லுன்னா என்ன சொல்வீங்க? "தாத்தா விடியக்காலையில எந்திரிப்பார், வேப்பங்குச்சி ஒடிப்பார், மாட்டைத் தட்டிக் குடுத்துட்டுத்தான் காபியே குடிப்பார்." எந்திரிப்பார், ஒடிப்பார், குடிப்பார் எல்லாம் ஸ்கூல்ல எதிர்காலம்னு படிச்சது! போய்ச் சேர்ந்தவரைப் பத்தி எதிர்காலத்துல பேசறோம், யாருக்கும் உறுத்தினதே இல்ல. எப்பவும் நடக்கிறதை "செய்யும்"ங்கிற வாய்பாட்டுல சொல்லணும்னு தொல்காப்பியத்துலயே இருக்கு, "மலை நிற்கும்"னு உரைகாரங்க உதாரணம் குடுக்கிறாங்க. இங்கிலீஷ்காரன் செய்யறதும் கிட்டத்தட்ட இதேதான், வில்லோட இறந்தகாலம்தானே வுட், அதை வச்சுத்தான் அவனும் அவன் தாத்தாவைப் பத்திப் பேசறான்.

சிக்கல் வேற இடத்துல. "அஞ்சு மணிக்கு எந்திரிப்பேன்"னா இப்பவா, காலேஜ் படிச்சப்பவா? வினையைப் பார்த்துச் சொல்ல முடியாது, முன்னாடி "அப்பல்லாம்"னு ஒரு வார்த்தை விழணும். நாம எந்திரிப்பேனை மனசுல வச்சுக்கிட்டு, யூஸ்டு டுன்னா வழக்கம்னு எவனோ சொல்லிக்குடுத்ததை அப்படியே தூக்கிப் போட்டுடறோம். ஆனா அது விட்டுப்போன வழக்கத்துக்கு மட்டும்தான். இப்பவும் நடக்குதுன்னா "ஐ ரீச் ஆபீஸ் பை நைன்", அவ்வளவுதான். உங்க மேனேஜர் சிரிச்சதுக்குக் காரணம் இதுதான், அதுக்காக நாலு பேர் முன்னாடி சிரிச்சது சரின்னு சொல்லமாட்டேன்.

நானும் இதுல அடி வாங்கினவன். 1994ல ஒரு கம்பெனி இன்டர்வியூ. வீட்டைப் பத்திக் கேட்டாங்க, முதல் நாள் ராத்திரி பூரா மனப்பாடம் பண்ணின "ஐ யூஸ்டு டு லிவ் வித் மை மதர்"ஐ எடுத்து விட்டேன். எதிர்ல கேள்வி கேட்டுட்டிருந்த மேடம் பேனாவைக் கீழ வச்சுட்டாங்க. முகமே மாறிடுச்சு. "ஐ ஆம் சாரி"ன்னுட்டு, எப்ப தவறினாங்கன்னு மெதுவா இங்கிலீஷ்ல கேட்டாங்க. எனக்குப் பாதிதான் புரிஞ்சுது, அம்மா எங்கன்னு கேக்கறாங்க போலன்னு "ஷி இஸ் அவுட்சைட்"ன்னேன். நிஜமாவே கேட்டுக்கு வெளிய, புங்க மரத்தடியில, தயிர்சாதத் தூக்குவாளியோட நின்னுட்டிருந்தா. வேலை கிடைக்கலங்கிறதைச் சொல்லணுமா? வெளிய வந்ததும் "என்னடா கேட்டாங்க?"ன்னா. "உன்னப் பத்தித்தாம்மா"ன்னேன். அதைத் தெருவுல எல்லார்கிட்டயும் ரெண்டு நாள் சொல்லிக்கிட்டிருந்தா.

அம்மா போயி ஒன்பது வருஷம் ஆச்சு. "அம்மா ரசத்துக்குப் பூண்டைத் தோலோட தட்டிப் போடுவா"ன்னு இப்பவும் சொல்றேன், கேக்கிறவங்களுக்கு ஆள் இருக்காளா இல்லையான்னு தெரியறதில்ல, நானும் திருத்தறதில்ல. அந்த இன்டர்வியூ வாக்கியம்தான் இப்ப ஒரு எழுத்து மாத்தாம சரியாயிடுச்சு.

உங்க கேள்வி பாக்கி இருக்கு. திரும்பத் திரும்பச் செஞ்ச காரியத்துக்கு யூஸ்டு டு, வுட் ரெண்டும் வரும். ஆனா வுட்டுன்னு சொல்றதுக்கு முன்னாடி எந்தக் காலத்தைப் பத்திப் பேசறோம்னு ஒரு வார்த்தை சொல்லிடணும், நம்ம அப்பல்லாம் மாதிரி. இருந்தது, பிடிச்சது, ஒரு ஊர்ல குடியிருந்தது மாதிரி நிலைக்கு யூஸ்டு டு மட்டும்தான், "ஐ வுட் லிவ் இன் ஓசூர்"னு பழைய கதை சொல்ல முடியாது. மூணு தடவை போனேன்னு எண்ணிக்கை வந்துட்டா ரெண்டும் வேண்டாம், வெறும் வென்ட் போதும். டிட்ன்ட் வந்தா யூஸ், டி கிடையாது. பேசறப்ப அந்த டி எப்படியும் காதுல விழாது, மெயில்ல மட்டும் பார்த்துக்குங்க.