எட்டாம் வாரத்திலேயே சுகரா? சிஸ்டரிடம் கேளுங்கள்

கர்ப்பிணிகள் பிரிவில் பல வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

சிஸ்டர், எனக்கு ஒன்பது வாரம். டிபன் சாப்பிட்டுவிட்டுத்தான் டெஸ்டுக்குப் போனேன். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 152. இட்லியால்தானே ஏறியது?

இட்லி மேல் பழி போடாதீங்கம்மா. 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கலந்து கொடுக்கும் இந்த டெஸ்டைச் சாப்பிட்டிருந்தாலும் செய்யலாம். சென்னை டாக்டர் வி. சேஷய்யா வலியுறுத்திய முறை இது. ரெண்டு பஸ் மாறி வந்தவளை "நாளைக்கு வெறும் வயிற்றோடு வா" என்றால் எத்தனை பேர் திரும்பி வருவார்கள்? 140-ஐத் தொட்டாலே கர்ப்பகால சர்க்கரைதான். ஆனால் 152 பயப்படும் அளவில்லை. இரண்டு வாரம் சாப்பாட்டை மாற்றிப் பாருங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குள் இருக்க வேண்டும். இறங்காவிட்டால் மருந்து பற்றி டாக்டர் சொல்வார்.

ஆறாம் மாதத்தில்தானே சுகர் பார்ப்பார்கள்? என் அக்காவுக்கு அப்படித்தான் பார்த்தார்கள்.

24 முதல் 28 வாரத்தில் பார்ப்பது இரண்டாவது முறை. முதல் முறை, செக்கப்புக்குப் போகும் முதல் நாளே. ஆரம்பத்திலேயே சுகர் கூடியிருந்தால், கர்ப்பத்துக்கு முன்பே யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம்.

நாலு வருடமாகச் சுகர் இருக்கிறது. இப்போது ஏழு வாரம், மூணு மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி டெஸ்டில் 8.1. கலைத்துவிடு என்கிறார் பெரியம்மா.

பெரியம்மா சொல்லி முடிவெடுக்க வேண்டாம். ஆபத்து கூடுதல் என்பது உண்மை. குழந்தையின் தண்டுவடமும் மூளையும் உருவாகும் குழாய் ஆறாவது வாரத்திலேயே மூடிவிடும். இதயமும் இந்த வாரங்களில்தான் உருவாகிறது. அப்போது சர்க்கரை எகிறியிருந்தால் பிறவிக் குறைக்கும் கருச்சிதைவுக்கும் வாய்ப்பு ஏறும். அப்படியும், இந்த அளவில் இருக்கும் பெரும்பாலானவர்களுக்குக் குறையில்லாத குழந்தைதான் பிறக்கிறது. இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். போடுகிற மாத்திரை அத்தனையையும் அட்டையோடு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பிரஷருக்கும் கொழுப்புக்கும் போடுவதில் சிலவற்றை மாற்ற வேண்டியிருக்கும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். ஃபோலிக் ஆசிட் எவ்வளவு என்று கேளுங்கள், சுகர் உள்ளவர்களுக்கு 5 மில்லிகிராம் தருவதுண்டு. கண் பரிசோதனையும் வேண்டும். 18–20 வார ஸ்கேனில் இதயத்தைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

சுகர் இருக்கிற மருமகளுக்கு ஒரே வாந்தி. ஜூஸும் கேழ்வரகுக் கஞ்சியும்தான் இறங்குகிறது. கொடுக்கலாமா?

ஜூஸ் வேண்டாம்மா, பழமாகக் கொடுங்கள். கஞ்சி குழைந்திருப்பதால் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். அதையே அடையாகத் தட்டுங்கள். ரெண்டு இட்லியோடு ஒரு கைப்பிடி சுண்டல், மூணு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாக. தண்ணீர்கூட நிற்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

மனைவிக்கு இன்சுலின் எழுதியிருக்கிறார்கள். குழந்தைக்கும் போகுமே சிஸ்டர்?

போகாது தம்பி. நஞ்சுக்கொடியைத் தாண்டுவது சர்க்கரைதான். அது அதிகமாக வந்தால் குழந்தையின் கணையம் தானே இன்சுலினைக் கூட்டிச் சுரந்து சமாளிக்கும், குழந்தையும் கொழுத்து வளரும். பிறந்து தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுபோகும், இன்சுலின் மட்டும் மிச்சம் இருக்கும். நாலு கிலோ குழந்தை கைகால் நடுங்கக் கிடக்கும், குதிகாலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை அடிமட்டத்தில். அதைப் பார்த்தால் ஊசிக்கு நீங்களே மணி பார்த்து எழுப்புவீர்கள்.

பிரசவத்துக்கு அப்புறம் தானாகப் போய்விடுமா?

முதலில் கேட்ட, 152 வந்த பெண்ணுக்கு அநேகமாகப் போகும். ஏற்கெனவே இருந்தவர்களுக்குப் போகாது. ஆறு வாரம் கழித்து 75 கிராம் டெஸ்ட் மறுபடி எடுக்க வேண்டும், இந்த முறை வெறும் வயிற்றோடு. பலர் வருவதே இல்லை. குழந்தைக்கு ஆறாவது வார ஊசி போட வருவீர்களே, அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.