முகவரி இல்லாத பிள்ளைக்குப் பாடசாலை அனுமதி

வணக்கம் சகோதரி. வாடகை அறையை இழந்து கொழும்பு கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டில் தங்கியிருக்கும் உங்களிடம், அண்ணன் விட்டுச்சென்ற அவருடைய ஒன்பது வயது மகனைப் பாடசாலையில் சேர்ப்பதற்கு வாக்காளர் இடாப்பும் பிறப்புச் சான்றிதழும் கேட்டுத் திருப்பியனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். மனம் தளர வேண்டாம். 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது இலங்கைச் சட்டம். ஆவணக் குறைபாட்டைக் காட்டிப் பிள்ளையை வீட்டில் இருத்தி வைப்பது நியாயமல்ல.

முதலில் கிராம உத்தியோகத்தரிடம் இப்போதைய வதிவிடத்துக்கு ஒரு கடிதம் பெறுங்கள். பின்னர் பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். இத்தகைய பிள்ளைகளுக்காகப் பாடசாலையுடன் பேசுவது அவருடைய கடமைகளில் ஒன்று. பிறப்பு பதியப்பட்டிருந்தால் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திலேயே எடுக்கலாம். பதியப்படவில்லையெனில் காலங்கடந்த பிறப்புப் பதிவு பற்றியும், வயதை மதிப்பிட்டுத் தரும் உத்தேச வயதுச் சான்றிதழ் பற்றியும் அங்கேயே கேளுங்கள். அண்ணன் திரும்பிவரும் நிலையில் இல்லையென்றால், பராமரிப்புப் பொறுப்பு குறித்து நன்னடத்தை உத்தியோகத்தரிடமும் கேளுங்கள்.

அதிபர் மீண்டும் மறுத்தால், வலயக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் முறையிட்டு, திகதி முத்திரையிட்ட பிரதியை வாங்கி வையுங்கள். 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தையும் அழைக்கலாம்.

ஒரு வேண்டுகோள்: இந்த அலைச்சலுக்குப் பையனைக் கூட்டிச் செல்லாதீர்கள். முகத்துவாரத்துப் பிள்ளை ஒருத்தி, உறை போட்ட புதுக் கொப்பியை நெஞ்சோடு அணைத்தபடி, தன்னைப் பற்றிப் பெரியவர்கள் வாதிடுவதைக் கேட்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.