வந்து போனவரும் தங்கிவிட்டவரும்

கேள்வி: ஐயா, என் பேத்தி யங்கோனில் சீனமொழி படிக்கிறாள். சீன நவீன இலக்கிய ஆய்வில் நம்ம பர்மாவுக்கு இடம் ஏதும் உண்டா, இல்லை எல்லாம் பெய்ஜிங், ஷாங்காய்தானா?
– ஒரு வாசகி, தாட்டோன்

பதில்: உண்டம்மா. அய் வூ என்ற எழுத்தாளரைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். 1904இல் பிறந்தவர், சீனாவின் சிசுவான் மாகாணத்துக்காரர். அங்கே செங்டு நகரில் படிப்பை விட்டுவிட்டு 1925இல் கால்நடையாகக் கிளம்பி, யுன்னான் வழியாக 1927இல் நம் கச்சின் மலைக்கு வந்தார். அங்கே ஒரு சத்திரத்தில் குதிரைச் சாணம் அள்ளினார். அப்புறம் ரங்கூனில் நோயில் விழ, தங்கியிருந்த விடுதிக்காரர் வெளியே தள்ள, ஒரு சீன பிக்குதான் அழைத்து வைத்துக் காப்பாற்றினார். 1931இல் வெள்ளைக்கார அரசு நாடு கடத்தியது. ஷாங்காய் போனதும் நண்பரும் அவருமாக, எதைக் கதையாக்கலாம் என்று சீன நவீன இலக்கியத்தின் முன்னோடி லூ சுன்னுக்கே கடிதம் போட்டார்கள். கண்டதையெல்லாம் எழுதிக் குவிக்காதீர்கள், எடுத்ததை ஆழமாகத் தோண்டுங்கள் என்ற பாங்கில் பதில் வந்தது. 1935இல் அவருடைய 'தெற்குப் பயணக் குறிப்புகள்' வெளியானது. திருடர்களும் நாடோடிகளும் மனிதர்களாக வருகிற கதைகள்.

சரி, இதில் எனக்கு ஒரு குறை உண்டு. ஊர் திரும்பியவர் என்பதால்தான் அய் வூவுக்குச் சீன இலக்கிய வரலாற்றில் சுலபமாக நாற்காலி கிடைத்தது. இங்கேயே தங்கி எழுதிய சீனர்களை யார் தேடினார்கள்? பர்மாத் தமிழர்களான நம் கதையும் அதேதான்: ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகை நடத்தி, 1942இல் நடந்தே இந்தியா போன எழுத்தாளர் வெ. சாமிநாத சர்மாவைத் தமிழ்நாடு அறியும், போகாதவர்களை அறியாது.

சீன ஆய்வுலகில் இதைக் கேள்வியாக்கியவர்களில் ஷூ-மெய் ஷீ முக்கியமானவர், அமெரிக்காவில் பேராசிரியை. 2007இல் வந்த நூலிலும் பிறகு வந்த கட்டுரைகளிலும், சீனாவுக்கு வெளியே சீனமொழிகளில் எழுதுகிறவர்களைச் சீனாவின் கிளையாகப் பார்க்காதீர்கள், அந்தந்த மண்ணின் எழுத்தாளர்களாகப் படியுங்கள் என்கிறார். புலம்பெயர்ந்தவர் என்ற அடையாளத்துக்கும் ஒரு முடிவு தேதி உண்டு என்பது அவர் வாதம். இதை மறுப்பவர்களும் இருக்கிறார்கள், சீனாவை ஒரேயடியாக ஒதுக்கிவிட்டு இந்த எழுத்தைப் படிக்க முடியுமா என்று. மலேசியச் சீன எழுத்து பற்றி நிறைய ஆய்வு நடக்கிறது. அங்கே பிறந்து தைவானில் வாழும் இங் கிம் சியூ கதையும் எழுதுகிறார், விமர்சனமும் எழுதுகிறார்.

பர்மாவில் அந்த அளவு வேலை நடக்கவில்லை. 1960களில் தமிழ்ப் பள்ளி, சீனப் பள்ளி இரண்டையும் அரசு எடுத்துக்கொண்டதும் ஒரு காரணம். படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்தால் எழுதுகிறவனும் குறைவான். பேத்திக்கு ஆய்வில் ஆசை இருந்தால், யங்கோனின் சீனர் பகுதியான லாத்தா பக்கத்துச் சீனப் பெரியவர்கள் வீட்டில் பழைய தாள் ஏதும் கிடக்கிறதா என்று முதலில் விசாரிக்கட்டும், பெய்ஜிங் நூலகத்துக்கு அப்புறம் போகலாம்.