தடயவியல் சான்றிதழுக்கு நகையை அடகு வைக்கும் முன்: கோத்தகிரியிலிருந்து கேட்ட ஒரு அப்பாவுக்கு

வணக்கம் அண்ணா,

நீங்கள் எழுதியதை முழுசாகப் படித்தேன். பொண்ணு ஊட்டியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம், அரியர் கிடையாது, கம்ப்யூட்டர் தடயவியல்தான் வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். கோவையில் ஒரு பயிற்சி மையம் ஆறு மாதத்தில் சர்வதேசச் சான்றிதழும் வேலையும் சேர்த்துத் தருவதாகச் சொல்லி ஒன்றே முக்கால் லட்சம் கேட்கிறது. பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாத நேரத்தில் கையில் பணம் ஏது, நகையை வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். நேராகச் சொல்லிவிடுகிறேன், இப்போதைக்கு அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம். பொண்ணின் ஆசையில் ஒரு குறையும் இல்லை, அதை எந்த வரிசையில் செய்வது என்பதில்தான் அந்த மையம் உங்களைக் குழப்புகிறது.

முதலில் வீட்டில் அக்கா பயப்படும் விஷயம். பிணவறைப் பக்கமெல்லாம் போக வேண்டியதில்லை. இவள் கைக்கு வருவது ஹார்ட் டிஸ்க், செல்போன், மெமரி கார்டு, சிசிடிவி பதிவு, அழித்துவிட்டதாக யாரோ நினைத்துக்கொண்டிருக்கும் மெயில், இவைதான். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. போலீஸ் வழக்குகளைப் பார்க்கிற ஆய்வகத்தில் சேர்ந்தால் குழந்தைகளுக்கு எதிரான கொடுமை, பெண்களை மிரட்டி எடுத்த வீடியோ எல்லாம் திரையில் வரும், கண்ணை மூடிக்கொண்டு அதை வகைப்படுத்த முடியாது. அனுபவசாலிகளையே அது தூங்க விடாது. பேங்க் மோசடி, கம்பெனித் தகவல் திருட்டு என்று கார்ப்பரேட் பக்கம் போனால் இந்தச் சுமை குறைவு. அவளிடம் இதை உட்கார்ந்து பேசுங்கள், பயமுறுத்த அல்ல, தெரிந்து போகட்டும் என்பதற்காக.

இனி சான்றிதழ். "சர்வதேசச் சான்றிதழ்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை, பெயரைக் கேளுங்கள். இந்தத் துறையில் எல்லோரும் அறிந்த பெயர்கள் நாலைந்துதான், ஒவ்வொன்றுக்கும் தகுதி நிபந்தனை வேறு.

நம் ஊர் மையங்கள் அதிகம் விற்பது ஈசி-கவுன்சில் என்ற நிறுவனம் நடத்தும் சிஎச்எஃப்ஐ (CHFI) தேர்வு. 150 கேள்வி, 4 மணி நேரம், எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. இதை எழுத இரண்டு வழி. அவர்கள் அங்கீகரித்த பயிற்சியை முடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் தகவல் பாதுகாப்புத் துறையில் 2 வருட அனுபவம் காட்டி, 100 டாலர் விண்ணப்பக் கட்டணம் கட்டி அனுமதி வாங்க வேண்டும், அந்த நூறு திரும்பி வராது. பொண்ணுக்கு அனுபவம் இல்லை, ஆகவே பயிற்சி வழிதான். அப்படியானால் உங்கள் முதல் கேள்வி, அந்த மையம் ஈசி-கவுன்சிலின் அங்கீகாரம் பெற்றதா என்பது. அங்கீகாரம் இல்லாத இடத்தில் ஆறு மாதம் படித்தாலும் அது தகுதிக் கணக்கில் வராது. இரண்டாவது கேள்வி, தேர்வுக் கட்டணம் அந்த ஒன்றே முக்காலுக்குள் அடங்குமா, தனியா. மூன்றாவது, கடைசியில் கையில் வரும் தாளில் யார் பெயர் இருக்கும். மையத்தின் பெயர் மட்டும் அச்சடித்த தாள் என்றால் ஃப்ரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டலாம், அவ்வளவுதான்.

அடுத்தது என்கேஸ் என்ற தடயவியல் மென்பொருளுக்கான இஎன்சிஇ (EnCE) சான்றிதழ். என்கேஸ் இப்போது ஓப்பன்டெக்ஸ்ட் என்ற கம்பெனியின் கையில் இருக்கிறது. இதற்கு 64 மணி நேர அங்கீகரிக்கப்பட்ட தடயவியல் பயிற்சி, அல்லது 12 மாத வேலை அனுபவம் வேண்டும். முதல் கட்டம் எழுத்துத் தேர்வு, 80 சதவீதம் வாங்கினால்தான் இரண்டாம் கட்டம். இரண்டாவதில் ஒரு கற்பனை வழக்கின் ஆதாரத்தைக் கையில் கொடுத்து 60 நாளுக்குள் ஆராய்ந்து விடை தரச் சொல்வார்கள், அதற்கு 85 சதவீதம். மனப்பாடம் இங்கே எடுபடாது.

எனக்குத் தனிப்பட்ட முறையில் அதிக மதிப்பு உள்ளது ஐஏசிஐஎஸ் (IACIS) என்ற புலனாய்வாளர் சங்கம் தரும் சிஎஃப்சிஇ (CFCE) சான்றிதழ். அங்கே நுழையவே அவர்கள் சொல்லும் பாடப்பகுதிகளில் 72 மணி நேரப் பயிற்சி காட்ட வேண்டும், பின்னணிச் சரிபார்ப்பு உண்டு. முதல் கட்டத்தில் ஒரு பயிற்றுநர் கூடவே இருப்பார், ஒவ்வொரு செய்முறைப் பணியாக முடித்து அறிக்கை எழுதித் தர வேண்டும், சரியில்லையென்றால் திருப்பி அனுப்புவார். அதைத் தாண்டினால் தனியாக ஒரு செய்முறை, ஒரு எழுத்துத் தேர்வு. வாங்கிவிட்டோம் என்று உட்காரவும் முடியாது, 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆறு மாத மையம் எதுவும் இதைப் பற்றி வாய் திறக்காது பாருங்கள்.

ஜிஐஏசி (GIAC) என்ற சான்றிதழ் நிறுவனம் தரும் ஜிசிஎஃப்இ (GCFE) தேர்வுக்கு முன்தகுதி என்று எதுவும் இல்லை, அச்சடித்த புத்தகங்களைப் பார்த்துக்கொண்டே எழுதலாம், ஆனால் தேர்வுக்கே ஆயிரம் டாலர் பக்கம் போகும், அதற்கான பயிற்சி வகுப்பு பல ஆயிரம் டாலர். கம்பெனி பணம் கட்டி அனுப்பினால் எழுத வேண்டிய தேர்வு அது. நகை வைத்து எழுதுவதில்லை.

மொத்தத்தில் இதையெல்லாம் கனரக வாகன லைசன்ஸ் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கார் ஓட்டவே பழகாதவனை யாரும் கோத்தகிரி–மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ்ஸோடு இறக்கிவிட மாட்டார்கள்.

சரி, இந்தச் சான்றிதழ் இருந்தால்தான் நம் நாட்டு நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல முடியும் என்று மையத்தில் சொன்னார்களாமே. அப்படி ஒரு சட்டம் கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஏ பிரிவில் மத்திய அரசு மின்னணு ஆதாரப் பரிசோதகராக அறிவிப்பது ஆய்வகங்களை, அதுவும் தணிக்கை செய்த பிறகு. தனி ஆள் வாங்கிய தனியார் சான்றிதழ் அந்த இடத்தைப் பிடிக்காது. இன்னொன்று, 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய சாக்ஷிய அதிநியம் வந்துவிட்டது. மின்னணு ஆவணத்தை ஆதாரமாக ஏற்பது பற்றிய பழைய 65பி பிரிவு இப்போது 63-ஆம் பிரிவு. மின்னணு ஆவணத்தோடு தர வேண்டிய சான்றில் ஏ பகுதியைத் தாக்கல் செய்பவரும், பி பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும், ஹேஷ் மதிப்பையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை மாதிரியான ஒரு குறியீடு) அதில் எழுத வேண்டும். ஏழு வருடம் அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு நேரில் போக வேண்டும் என்றும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. ஆக வேலைக்குத் தேவை கூடும் என்று நம்ப நியாயம் இருக்கிறது. பொண்ணு பேச்சில் சத்து இல்லாமல் இல்லை.

அப்புறம் அரசு வேலை கனவும் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தமிழ்நாடு தடயவியல் துறையில் இளநிலை அறிவியல் அலுவலர் பணிக்கு டிஎன்பிஎஸ்சி வழியாக ஆள் எடுக்கிறார்கள், அங்கே முதலில் பார்ப்பது பட்டத்தை. எந்தப் பிரிவுக்கு எந்தப் பட்டம் என்பதை அறிவிப்பு வரும்போது எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும், "சமமான படிப்பு" என்று தானாக நினைத்துக்கொண்டு விண்ணப்பித்தால் நிராகரிப்புதான். அதனால் நான் சொல்வது மேல்படிப்பு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைபர் தடயவியலும் தகவல் பாதுகாப்பும் சேர்ந்த எம்.எஸ்சி. இருக்கிறது. காந்திநகரில் தேசியத் தடயவியல் பல்கலைக்கழகம், குஜராத் மாநிலப் பல்கலைக்கழகமாக இருந்து 2020-ல் தேசிய அந்தஸ்து பெற்றது, அங்கே டிஜிட்டல் தடயவியலில் எம்.எஸ்சி. உண்டு, நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தூரம்தான், பொண்ணை அவ்வளவு தொலைவு அனுப்ப மனசு வருமா என்பது உங்கள் வீட்டு முடிவு. ஆனால் அடகு வைத்தே ஆக வேண்டும் என்றால் இதற்கு வைப்பதில் நியாயம் இருக்கிறது. படிப்பு வேண்டாம், சம்பாதிக்க வேண்டும் என்றால் கோவையிலோ சென்னையிலோ சைபர் பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில் தொடக்க நிலை வேலைக்குப் போகட்டும். ஷிஃப்ட் வேலை, அலுப்பாக இருக்கும், ஆனால் சிஎச்எஃப்ஐ கேட்கும் 2 வருட அனுபவம் அங்கே சம்பளத்தோடு சேரும்.

இனி பொண்ணுக்கு. இதை அவளிடமே படிக்கக் கொடுங்கள்.

தங்கச்சி, நீ தொடங்க ஒரு ரூபாய் செலவு இல்லை. பழைய பென்டிரைவ் ஒன்று எடு, சின்னது போதும். அதில் கொஞ்சம் போட்டோ, ஒரு டெக்ஸ்ட் ஃபைல், ஒரு பிடிஎஃப் போடு, இரண்டை அழித்துவிடு. எஃப்டிகே இமேஜர் என்ற மென்பொருள் இலவசம், அதில் பென்டிரைவை முழுசாக இமேஜ் எடு, அதாவது அழித்த இடங்களையும் சேர்த்து அச்சு அசலாக ஒரு நகல். முடிவில் எம்டி5, எஸ்எச்ஏ1 என்று இரண்டு ஹேஷ் மதிப்பு காட்டும், நோட்டில் நேரத்தோடு எழுதி வை. பிறகு டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்து ஒரே ஒரு எழுத்தைக் கூடுதலாகப் போட்டுச் சேமித்துவிட்டு மறுபடி இமேஜ் எடு. மதிப்பு ஒட்டுமொத்தமாக மாறியிருக்கும், பழையதோடு ஒரு சாயல்கூட இருக்காது. ஆதாரம் மாறவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி என்று எதிர்த்தரப்பு வக்கீல் உன்னைக் கேட்கப்போகும் முதல் கேள்வி இங்கேதான் பிறக்கிறது. பென்டிரைவைச் செருகினாலே விண்டோஸ் தன் பாட்டுக்கு அதில் எதையாவது எழுதிவிடும், அதனால்தான் ஆய்வகத்தில் ரைட் பிளாக்கர் (ஆதாரத்தில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவி) இல்லாமல் யாரும் ஆதாரத்தைத் தொடுவதில்லை. முதலில் எடுத்த இமேஜை ஆட்டாப்ஸி என்ற ஆய்வு மென்பொருளில் திற, அதுவும் இலவசம்தான். அழித்த ஃபைல்கள் சிவப்புப் பெருக்கல் குறியோடு நிற்கும். சிலது முழுசாக மீளும், சிலது பாதி. ஏன் பாதி என்று நீயே தேடிக் கண்டுபிடி, அந்தத் தேடலில் ஃபைல் சிஸ்டம் பாடம் பாதி முடிந்துவிடும். எஸ்எஸ்டி டிஸ்க்கில் டிரிம் (அழித்த ஃபைல் இருந்த இடத்தை டிஸ்க்கே துடைக்க வைக்கும் வசதி) வேலை செய்தால் அழித்தது பெரும்பாலும் போனதுதான், அதையும் செய்து பார்த்துத் தெரிந்துகொள்.

பென்டிரைவ் பழகிய பிறகு வீட்டுப் பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்குக்குப் போ. 500 ஜிபி இமேஜ் எடுக்க மணிக்கணக்கில் ஆகும், ஐப்பசி மழையில் கரண்ட் எப்போது போகும் என்று நம் மலையில் யாருக்குத் தெரியும், யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதே. பாதியில் நின்ற இமேஜை ஒப்பேற்றாமல் "இத்தனை மணிக்கு மின்தடை, மறுபடி முதலிலிருந்து எடுத்தேன்" என்று நோட்டில் எழுதும் பழக்கம் இப்போதே வரட்டும். அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி (NIST) பயிற்சிக்கென்றே மாதிரி இமேஜ்களை இலவசமாக வைத்திருக்கிறது, அதையும் எடுத்துக்கொள்.

ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்க அறிக்கை எழுது, ஆங்கிலத்தில். கம்ப்யூட்டரே தெரியாத ஒரு நீதிபதி படிப்பதாக நினைத்து எழுது. ஆதாரம் யாரிடமிருந்து எப்போது வந்தது, யார் கையில் இருந்தது, நீ என்ன செய்தாய், என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை. "இவர்தான் அழித்தார்" என்று எழுதாதே, "இந்தக் கணக்கு உள்நுழைந்திருந்த நேரத்தில் அழிக்கப்பட்டிருக்கிறது" என்பதோடு நிறுத்து. நேர்முகத் தேர்வில் இப்படி நாலு அறிக்கை காட்டும் பொண்ணை நான் எடுப்பேன், சான்றிதழ் மட்டும் காட்டுபவரை யோசிப்பேன்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தோழி கெஞ்சினாள் என்று அவள் பழைய நண்பனின் இன்ஸ்டாகிராமைத் திறந்து பார்க்கிற வேலை வேண்டாம். அனுமதி இல்லாமல் நுழைந்தால் ஐடி சட்டம் 66-ஆம் பிரிவில் 3 வருடம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. மேலே சொன்ன பின்னணிச் சரிபார்ப்பில் ஒரு எஃப்ஐஆர் போதும், உன் கதை முடிந்தது. கிராக் செய்த என்கேஸும் அதே ரகம்.

அண்ணா, கடைசியாக உங்களுக்கு ஒன்று. மையத்துக்கு ஐந்தாயிரம் முன்பணம் கட்டியதாகச் சொன்னீர்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மேலே சொன்ன மூன்று கேள்விகளோடு, வேலை கிடைக்கவில்லையென்றால் பணம் திரும்ப வருமா என்பதையும் சேர்த்து மெயிலில் கேளுங்கள், போனில் வேண்டாம். எழுத்தில் பதில் வந்தால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். நேரில் வந்து பேசலாம் என்று மட்டும் பதில் வந்தால் மலை இறங்க வேண்டாம், முன்பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி அதே மெயிலில் எழுதிவிடுங்கள்.