கறுப்பு கழண்ட மணிக்கூடு: ஒரு வருஷ வாரண்டிய நம்பி இருந்துராதீங்க

கல்லடியில இருந்து ஒரு தம்பி எழுதி இருக்கிறார். டவுன் கடையொண்டுல 28,500 ரூபாய்க்கு கறுப்பு ஸ்டீல் மணிக்கூடு வாங்கி 70 நாளாகுது, செயின் ஓரமும் பூட்டும் தேஞ்சு வெள்ளை தெரியுதாம், மணிக்கூட்டிட முதுகுப் பக்கம் கறுப்பு பட்டை பட்டையா கழருதாம். கொண்டு போய் காட்ட முதலாளி மச்சானுக்கு முன்னாலயே சிரிச்சிட்டாராம், வழக்கு போடலாமா எண்டு கேக்கிறார்.

தம்பி, முதலாளி சிரிச்சதுக்கும் மச்சான் பார்த்துக்கொண்டு நிண்டதுக்கும் சட்டத்துல ஒரு வேலையும் இல்ல. எனக்கு வேண்டியது ஒண்டே ஒண்டு, என்னெண்டு சொல்லி வித்தாங்க, அது எழுத்துல இருக்கா? பில்லுல கறுப்பு மணிக்கூடு எண்டு மட்டும் கிடந்தா உங்கட பக்கம் மெலிவு. பில்லுலயோ பெட்டியிலயோ கடை போட்ட பேஸ்புக் விளம்பரத்துலயோ பிவிடி, டிஎல்சி எண்டு கெட்டிக் கோட்டிங் பேர் ஏதும் இருந்தா கதை வேற, இலங்கையிட 1896ம் ஆண்டு பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி சொன்ன விவரத்துக்கு பொருள் ஒத்திருக்க வேணும். விளம்பரத்த இண்டைக்கே ஸ்கிரீன்ஷொட் எடுங்க, நாளைக்கு இருக்காது.

அடுத்தது, தேஞ்சது வேற கழண்டது வேற. பிவிடி எண்டா வெற்றிடத்துல ஆவியாக்கி படிய வைக்கிறது, தடிப்பு சில மைக்ரோன்தான், அது எவ்வளவு கெட்டியெண்டாலும் அடியில இருக்கிற ஸ்டீல் அதவிட மெது, அடிபட்டு ஸ்டீல் குழிஞ்சா மேல இருக்கிறது முட்டைக்கோது மாதிரி வெடிக்கும். பூட்டு மேசையில உரஞ்சு தேயிறத பாவனைத் தேய்மானம் எண்டு தட்டிவிட்டுருவாங்க, வாரண்டி கார்ட்லயும் அனேகமா அப்படித்தான் அடிச்சிருக்கும். ஆனா கைத்தோல் மட்டும் படுற முதுகுப் பக்கம் 70 நாளுக்குள்ள பட்டையா கழருதெண்டா அது ஒழுங்கா ஒட்டாத கோட்டிங். முறைப்பாட்டுல அதப் பத்தி மட்டும் எழுதுங்க, செயினப் பத்தி வாயே திறக்காதீங்க.

இனித்தான் விசயம். வாரண்டி ஒரு வருஷம் இருக்குத்தானே, ஆறுதலா பாப்பம் எண்டு எழுதி இருக்கிறீங்க. இங்கதான் ஆக்கள் விழுறது. 2003ம் ஆண்டு 9ம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை சட்டப்படி முறைப்பாடு எழுத்துல, பொருள் கைக்கு வந்து மூணு மாசத்துக்குள்ள போக வேணும், கார்ட்ல எத்தின வருஷம் போட்டிருந்தாலும் அந்த மூணு மாசம் நீளாது. கடைக்காரர் இல்லையெண்டு சொல்ல மாட்டார், கொழும்புக்கு அனுப்புறன் வச்சிட்டு போங்க, ஏஜென்ட் வரல்ல, அடுத்த கிழமை வாங்க, இப்படியே போகும். என்கிட்ட வந்த ஒருத்தர் துண்டு ஒண்டும் வாங்காம மணிக்கூட்ட குடுத்துட்டு நாலாம் மாசம் வாங்கிப் பார்த்தா கழண்ட இடமெல்லாம் பொலிஷ் பண்ணி மினுங்குது, காட்ட ஒரு சாட்சியும் இல்ல, திகதியும் போயிட்டு. குடுக்கிறதெண்டா படம் எடுத்து, என்ன பழுது எண்டு எழுதி, சீல் வாங்கிட்டு குடுங்க. நீங்களா வேற இடத்துல கறுப்பு பூசவும் வேணாம். பேஸ்புக்ல கள்ளன் எண்டு எழுதினா பிறகு கதை உங்கட பக்கம் திரும்பிரும்.

அதிகார சபை மாத்திக் குடுக்கவோ காசத் திருப்பவோ நட்டஈடு குடுக்கவோ உத்தரவு போடலாம். கோர்ட் கதைய விடுங்க, இந்தத் தொகைக்கு முதல்ல மத்தியஸ்த சபை, அங்க இணங்காட்டித்தான், இணங்கல்ல எண்ட சான்றிதழோட கோர்ட், அதுக்குள்ள லோயர் காசே மணிக்கூட்ட முழுங்கிரும். நான் லோயரா இருந்துதான் சொல்றன். கடை 18,000 திருப்பினாலோ கறுப்பில்லாத ஸ்டீல் மணிக்கூடு ஒண்ட மாத்தித் தந்தாலோ வாங்கிட்டு வந்துருங்க (நானும் வெள்ளை ஸ்டீல்தான் கட்டுறன்). ஆனா பிரச்சினை முடிஞ்சுது எண்டு கடிதம் நீட்டினா, பொருள் கைக்கு வராம கையெழுத்து வைக்காதீங்க.

உங்களுக்கு இன்னும் 20 நாள் அளவுலதான் இருக்கு. கழண்டு விழுந்த பட்டைய சின்ன கவர்ல போட்டு வைங்க, பில் கொப்பியோட இந்தக் கிழமையே அதிகார சபைக்கு கடிதத்த குடுங்க, வழி தெரியாட்டி அவங்கட 1977 நம்பருக்கு அடிச்சு கேளுங்க. கடையோட கதைக்கிறத அதுக்குப் பிறகு கதைக்கலாம்.