கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: மின்னணு இசையில் எல்லாக் காலத்துக்கும் பெரிய ஆள் யார்? ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுதான் என்று அடித்துச் சொல்கிறான் என் மகன். – வாசகர், திண்டுக்கல்

பதில்: மகனைக் குறை சொல்ல முடியாது. அவர்களுடைய 1977 மெட்டை எடுத்துத்தான் 1982-ல் நியூயார்க்கில் ‘பிளானட் ராக்’ என்ற ஹிப்-ஹாப் பாட்டு பிறந்தது. ஆனாலும் என் ஓட்டு பிரிட்டனின் டெலியா டெர்பிஷைருக்கு.

1963-ல் பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடருக்கு ரான் கிரெய்னர் எழுதிய முகப்பு இசையை ஒலியாக்கிக் கொடுத்தவர் இவர். கையில் சின்தசைசர், அதாவது மின்சாரத்தால் ஒலி உண்டாக்கும் இசைக்கருவி, கிடையாது. ஒற்றைக் கம்பியைச் சுண்டிப் பதிவு செய்வார். அந்த நாடாவின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஒவ்வொரு சுரமாக எடுப்பார். அப்புறம் அளந்து, வெட்டி, ஒட்டுவார். அடியில் ஓடும் அந்தத் தும்-தும் தாளம் அப்படி வந்ததுதான். கேட்டதும் கிரெய்னரே, “இதை நானா எழுதினேன்?” என்று அசந்துபோனாராம். ராயல்டியில் பங்கு தரவும் அவர் தயாராக இருந்தார். பிபிசி விதி இடம் கொடுக்கவில்லை. என்ன விதியோ! டெலியா 2001-ல் காலமானார். தொடரின் திரையில் அவர் பெயர் வந்தது 2013-ல்.

மகனுக்கு அந்த 1963 பதிவைப் போட்டுக் காட்டுங்கள். ஹெட்போனில் கேட்கச் சொல்லுங்கள்.